சன்மானமா? சம்பளமா?



ஆண்டு மலர் என்றாலே நட்பு, தாய்மை, வரதட்சணை, கைபேசி மோகம் என்று நாலைந்து தலைப்புகள் தயாராக இருக்கும். அவற்றைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இதே மலரில் எழுதியிருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது கூலி. கட்டடக் கூலி, உப்பளக் கூலி அல்ல, மேளக் கூலி! அம்மன் கோயில் கொடைக்கும், மாதா கோயில் திருவிழாவுக்கும், கல்யாணத்துக்கும், சாவுக்கும் வந்து வாசித்துவிட்டுப் போகிறார்களே, அவர்கள் வீட்டுக்கு என்ன கொண்டு போகிறார்கள்? நம்மில் யாராவது ஒரு நாளாவது இதைக் கேட்டிருக்கிறோமா?

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். என் பெரியப்பா தவில்காரர். எங்க குடும்பத்துல முதன்முதலா ஒரு கல்லூரி வாசலை மிதிச்சவன் நான். என் முதல் பருவக் கட்டணம் அவர் தவிலிலிருந்து வந்தது. அந்தத் தொகைக்கு அவர் எத்தனை ராத்திரி விழித்திருக்க வேண்டும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தத் தாள்தான் இந்தக் கட்டுரை. சொந்தக் கதை இத்தோடு போதும். இனி ஊர்க் கதையைப் பார்ப்போம்.

சிகரமும் அடிவாரமும்

இசையில் நம் சீமைக்கு என்ன குறைச்சல்? எட்டயபுரம் அரண்மனையில் வித்வானாக இருந்த சுப்பராம தீட்சிதர் 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரிய நூலை வெளியிட்டார். தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் பிறந்தது தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில். நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் (1921-1964) வாழ்ந்தது கோவில்பட்டியில். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போட்ட நாதஸ்வரம் அவருடையதுதான். அவருடைய குரு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோ, பாட்டு வித்வானுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை நாதஸ்வரத்துக்கும் வேண்டும் என்று தலைநிமிர்ந்து நின்றவர்.

இவர்கள் சிகரங்கள். சிகரத்தைக் கும்பிடுகிற நாம் மலையடிவாரத்தைப் பார்ப்பதில்லை. இன்று நம் மாவட்டத்தில் யார் யார் வாசிக்கிறார்கள்? நாதஸ்வரம், தவில், பம்பை, தாளம் என்று நையாண்டி மேளம் ஒன்று. வில், குடம், உடுக்கை, தாளத்தோடு வில்லுப்பாட்டு ஒன்று. சுடலைமாடன் கோயில்களில் மகுடம் அடித்துப் பாடும் கணியான் கூத்து ஒன்று. கடற்கரை ஊர்களில் சப்பரத்துக்கு முன்னே போகும் பேண்டு செட் ஒன்று. பறையடிப்பவர்கள், மெல்லிசைக் குழுக்காரர்கள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவர்கள் இல்லாமல் நம் ஊரில் ஒரு நல்லதும் நடக்காது, ஒரு கெட்டதும் நடக்காது. ஆனால் பந்தல்காரருக்கும் பிரியாணி மாஸ்டருக்கும் விலை கேட்கும்போது வராத தயக்கம், மேளக்காரருக்கு விலை பேசும்போது மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

மேளம் பேசுகிற அழகு

கொடைக்கு மேளம் பேசப் போவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உரையாடல் இப்படித்தான் இருக்கும்.

"அண்ணாச்சி, ரெண்டு நாள் கொடை. எவ்ளோ கேக்கிய?"

"ஏழு ஆளு வரணும், வேன் வாடகை இருக்கு. பாத்துச் சொல்லுங்க."

"ஏழு ஆளு எதுக்கு? அஞ்சு போதும். சாமி காரியம்... நீங்க பாத்துதான் கொறைக்கணும். அம்மன் ஒங்களுக்குக் கொடுப்பா!"

பந்தல்காரரிடம் "அம்மன் கொடுப்பாள்" என்று யாரும் சொல்வதில்லை. சீரியல் லைட்டுக்கு பல்புக் கணக்கு. ஜெனரேட்டருக்கு மணிக் கணக்கு. பட்டாசுக்கு ரொக்கம். மேளத்துக்கு மட்டும் அம்மன் பொறுப்பு!

சரி, பேசி முடித்த தொகை எப்படிப் பிரிகிறது? ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். இது எந்தக் குழுவின் சொந்தக் கணக்கும் அல்ல. கணக்கு ஓடுகிற விதத்தைக் காட்ட நான் எடுத்துக்கொண்ட எண்கள். இரண்டு நாள் கொடைக்கு 24,000 ரூபாய் பேசியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேன் வாடகை 4,000. அழைப்பு பிடித்துக் கொடுத்தவருக்கு 2,000. மிச்சம் 18,000. ஏழு ஆளுக்கு ஏழு பங்கு. வாத்தியம் வாங்கி வைத்து, போன் பேசி, ஆள் சேர்க்கிற தலைவருக்குக் கூடுதலாக இரண்டு பங்கு. ஆக ஒன்பது பங்கு. ஒரு பங்கு 2,000 ரூபாய்.

"ரெண்டு நாளுக்கு ரெண்டாயிரமா? பரவால்லையே!" என்று சொல்ல வேண்டாம். திங்கள் சாயங்காலம் கிளம்பி, செவ்வாயும் புதனும் வாசித்து, வியாழன் விடியக்காலையில் வீடு வந்து சேருகிற ஆளுக்கு மூன்று நாள் போய்விட்டது. நாளுக்கு 666 ரூபாய். அதுவும் பகல் வேலை மட்டுமா? சாமக்கொடை, அலங்கார பூஜை, மஞ்சள் நீராட்டு என்று ராத்திரியும் சேர்த்து. படுக்கை கோயில் திண்ணையில். ஒரு கொத்தனார் இன்று நாள் ஒன்றுக்கு என்ன வாங்குகிறார் என்று உங்கள் தெருவிலேயே விசாரித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்படி வருடத்துக்கு நாற்பது அழைப்பு வந்தால் அது நல்ல குழு. நாற்பதை இரண்டாயிரத்தால் பெருக்கினால் 80,000. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 6,666 ரூபாய்! இதில்தான் வீட்டு வாடகை, பிள்ளை படிப்பு, வயதானவர்களுக்கு மருந்து எல்லாம்.

இதோடு தேய்மானம் என்று ஒன்று இருக்கிறது. இயந்திரம் தேய்ந்தால் அதைச் செலவுக் கணக்கில் எழுத வேண்டும் என்று நமக்கு வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். தவிலுக்குத் தோல் மாற்ற வேண்டும். நாதஸ்வரத்துக்குச் சீவாளி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; அது காவிரிக் கரைக் கொறுக்கையில் செய்யப்படுவது, நம் ஊர்க் கடையில் கிடைக்காது. ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைகிற கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டைக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான்! அந்த வாத்தியத்தை வாங்குகிற காசு எந்தக் கூலியிலிருந்து வரும் என்றுதான் யாரும் சொல்லவில்லை. வாத்தியம் இருக்கட்டும், வாசிக்கிறவர் உடம்பு? நாதஸ்வரக்காரரின் நெஞ்சும், தவில்காரரின் விரலும், பாடுகிறவரின் தொண்டையும் தேய்வதற்கு எந்தப் பேரத்தில் பணம் ஒதுக்குகிறோம்?

பஞ்சாங்கம் போடுகிற சாப்பாடு

அடுத்தது நாள். மீனவருக்குக் காற்று எப்படியோ, மேளக்காரருக்குப் பஞ்சாங்கம் அப்படி. ஆடியில் கல்யாணம் இல்லை. புரட்டாசியில் பலரும் வைப்பதில்லை. மார்கழியில் கிடையவே கிடையாது. நல்ல முகூர்த்த நாளிலோ ஊரில் எல்லா மண்டபமும் நிரம்பியிருக்கும். ஒரே நாளில் நாலு அழைப்பு வரும். ஒன்றைத்தான் எடுக்க முடியும். பிறகு நாலு வாரம் ஓர் அழைப்பும் வராது. கொடை விழாக்களும் அப்படித்தான். குறிப்பிட்ட சில மாதங்களில், அதுவும் செவ்வாய், வெள்ளியை ஒட்டிக் குவிந்துவிடும். பனிமய மாதா கோயில் திருவிழா ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் நிறைவு. குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் தசரா பத்து நாள். வேஷம் கட்டின பக்தர் குழுக்கள் ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக்கொண்டு வரும். அப்போது மேளத்துக்கு நடக்கிற இழுபறியைப் பார்த்தால், இவர்களுக்கு என்ன குறை என்று தோன்றும். பத்து நாள் முடிந்த பதினோராவது நாள் அதே ஆளைப் போய்ப் பாருங்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கும் இப்படி ஒரு வெறுங்காலம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்தக் காலத்துக்கு நிவாரணம் கொடுக்க வேண்டும் என்று மீனவர்கள் கேட்டார்கள், போராடினார்கள், வாங்குகிறார்கள். அந்தத் தொகை போதுமா என்பது வேறு கேள்வி. வேலை இல்லாத நாளிலும் வயிறு இருக்கிறது என்று அரசு ஒப்புக்கொண்டதே, அது பெரிது. மேளக்காரரின் தடைக்காலத்துக்கு யார் நிவாரணம் கொடுக்கிறார்கள்? 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. பங்குனி, சித்திரைக் கொடைக்காலம் தொடங்குகிற நேரம்! வருடச் சம்பாத்தியத்தில் பெரும்பகுதி அந்த ஒரு பருவத்தில் போயிற்று. வாங்கியிருந்த அச்சாரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டவர்களும் உண்டு.

பத்துப் பேர் ஒருவரான கதை

மெல்லிசைக் குழுவின் கதை வேறு. ஒரு காலத்தில் மேடையில் வயலின் நாலு, கிடார் இரண்டு, தபேலா, டிரம்ஸ், புல்லாங்குழல், பாடகர்கள் என்று பதினைந்து இருபது பேர் நிற்பார்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். 1980-களில் கீபோர்டு வந்தது. வயலின்காரர்கள் இறங்கிப் போனார்கள். ரிதம் பேடு வந்தது, தபேலாக்காரர் இறங்கினார். இப்போது பாட்டில்லாத வெறும் இசைத்தடத்தை மடிக்கணினியில் ஓடவிட்டு ஒருவர் பாடினாலும் 'இன்னிசைக் கச்சேரி' என்றுதான் நோட்டீசில் போடுகிறார்கள். பதினைந்து பேர் வாங்கினதை இந்த ஒருவர் வாங்குகிறாரா? அதுவும் இல்லை. மிச்சப்பட்ட பணம் ஸ்பீக்கருக்கும், எல்.இ.டி. திரைக்கும், புகை விடுகிற மிஷினுக்கும் போய்விட்டது.

நேரமும் குறைந்தது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. சில திருவிழா நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை அரசு விலக்கு கொடுக்கலாம். பரீட்சைக்குப் படிக்கிற நமக்கு அது நல்ல விதி, நான் மறுக்கவில்லை. ஆனால் விடிய விடியக் கதை சொன்ன வில்லுப்பாட்டு, இப்போது ஒலிபெருக்கியோடு மூன்று மணி நேரத்தில் முடிய வேண்டும். நேரம் குறைந்ததைக் காட்டிக் கூலியைக் குறைக்கிறார்கள். வில்லுக்காரர் கிளம்பி வந்து திரும்புகிற தூரம் குறைந்துவிட்டதா என்ன?

நம் படிப்புக்கு நெருக்கமான ஒரு விஷயம், மோட்டார் மேளம்! கோயில்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு சின்ன மோட்டார், அதில் ஒரு சக்கரம், சக்கரத்தில் மாட்டிய கம்பிகள். சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் தானே அடிக்கும். மின்னியல் படிக்கிறவன் என்ற முறையில் அதன் அமைப்பை நான் ரசிக்கிறேன். எளிமை, உறுதி, செலவு குறைவு. வருமானமே இல்லாத ஒரு சின்னக் கோயிலில், பூசாரி ஒருவரே எல்லாம் செய்கிற இடத்தில், அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் உண்டியல் நிறைகிற கோயிலிலும் அது ஏன்? அந்த மோட்டாருக்கு ஒரே வேகம்தான் தெரியும். கொடையில் சாமி வருகிற நேரத்தில் தவில்காரரைக் கவனித்துப் பாருங்கள். அவர் கண் சாமியாடியின் காலில் இருக்கும். கால் தயங்கினால் அடி தயங்கும். கால் எழும்பினால் அடி எழும்பும். மகுடக்காரர் தோலைத் தீயில் காய்ச்சிக் காய்ச்சிச் சுருதி ஏற்றுவார். இதை எந்த மோட்டாரில் பொருத்துவது? நாம் கூலி கொடுப்பது சத்தத்துக்கு அல்ல, அந்தக் கவனத்துக்கு.

இயந்திரம் வந்தால் மனிதன் போக வேண்டியதுதானா? அமெரிக்காவில் இதே கேள்வி எழுந்தது. இசைத்தட்டும் வானொலியும் வந்து, நேரில் வாசிக்கிறவர்களின் வேலை போனது. அங்கிருந்த இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்டில் 'இனி இசைத்தட்டுக்கு வாசிக்க மாட்டோம்' என்று வேலை நிறுத்தம் செய்தது. 1944 வரை அது நீடித்தது. கடைசியில் விற்கிற ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிறு தொகையை இசைத்தட்டுக் கம்பெனிகள் ஒரு நிதியில் போட வேண்டும் என்று முடிவானது. அந்தப் பணத்திலிருந்து ஊர்ப் பூங்காக்களிலும் மருத்துவமனைகளிலும் இலவசக் கச்சேரி நடந்தது. வாசித்தவர்களுக்குக் கூலி கிடைத்தது. இயந்திரத்தை அவர்கள் உடைக்கவில்லை. அதன் லாபத்தில் பங்கு கேட்டார்கள். தொழில்நுட்பம் படிக்கிற நமக்கு இது நல்ல பாடம்.

சன்மானம் என்ற சொல்

என் தலைப்புக்கு வருகிறேன். பத்திரிகையில் போடும்போது 'கலைஞர்களுக்குச் சன்மானம் வழங்கப்பட்டது' என்பார்கள். மேடையில் பொன்னாடை போர்த்தி 'அன்பளிப்பு' என்பார்கள். கூலி என்று சொன்னால் மரியாதைக் குறைவாம்! நான் சொல்கிறேன், இந்த அழகான சொற்கள்தான் கலைஞர்களைக் கெடுக்கின்றன. சன்மானம் கொடுப்பவர் மனசு. சம்பளம் வாங்குபவர் உரிமை. சன்மானம் குறைந்தால் முகம் சுளிக்கக்கூடாது. சம்பளம் குறைந்தால் ஏன் என்று கேட்கலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. பறையடிப்பவர்களுக்குச் சாவு வீட்டில் அடிப்பது ஒரு காலத்தில் வேலை அல்ல, கட்டாயம். கிடைத்தது கூலி அல்ல. நெல்லும், மிச்சச் சோறும், சாராயமும். 'மாட்டேன்' என்று சொல்ல உரிமை இல்லாதவனுக்கு 'இவ்வளவு வேண்டும்' என்று சொல்லவும் உரிமை இல்லை. அந்தக் கட்டாயத்தை எதிர்த்துப் பல ஊர்களில் பறையையே கீழே வைத்தார்கள். இன்று பறை மேடை ஏறியிருக்கிறது, கல்லூரி விழாக்களில் முழங்குகிறது. கைதட்டுகிறோம். பேரம் பேசும்போது மட்டும் பழைய குரல் எட்டிப் பார்க்கிறது: "ஒங்களுக்கு என்ன, அடிக்கிறதுதான?"

நம் கடலிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. முத்துக்குளிப்பு நம் ஊரில் கடைசியாக நடந்தது 1961-ல். வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாட்டில் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. அது நியாயமான பங்கு என்று நான் சொல்லமாட்டேன். உயிரைப் பணயம் வைப்பவன் ஒருவன், பெரும்பங்கு இன்னொருவனுக்கு! ஆனால் கடலில் குதிக்கும் முன்பே தன் பங்கு எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும். நம் மேளக்காரர் பலருக்கு, கடைசி நாள் கமிட்டிக்காரர் சட்டைப் பையில் கைவிடும் வரை தெரியாது. "வரி சரியா பிரியல அண்ணாச்சி, இதை வெச்சுக்கிடுங்க, மிச்சத்தை அடுத்த கொடைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

துறைமுகம் சொல்லும் பாடம்

நாம் துறைமுக ஊர்க்காரர்கள். கப்பல் வேலை முன்பு எப்படி இருந்தது? காலையில் வாசலில் கூட்டமாக நிற்பார்கள்; மேஸ்திரி கை காட்டியவனுக்கு வேலை, மற்றவன் வீட்டுக்கு. கப்பல் வராத நாள் பட்டினி. இதை மாற்றத்தான் 1948-ல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 1950-களில் பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் வாரியங்கள் அமைந்தன. தொழிலாளியின் பெயரைப் பதிவு செய்தார்கள். வேலைக்கு வந்து, கப்பல் இல்லாவிட்டாலும் வந்ததற்கு ஒரு படி உண்டு என்று ஆனது. அன்றாடங்காய்ச்சி என்று இருந்தவன் பதிவு பெற்ற தொழிலாளி ஆனான்.

அதற்கும் முன்னால், 1908-ல் இதே தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யின் தலைமையில் வேலை நிறுத்தம் செய்து கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றார்கள். நாட்டுக்கே வழிகாட்டிய ஊர் இது. ஆலைத் தொழிலாளியும் கப்பல் தொழிலாளியும் கேட்டதை மேளத் தொழிலாளி கேட்டால் மட்டும் 'கலைக்கு விலை பேசலாமா' என்று நாம் கேட்கலாமா?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதும் தவறு. 2007-ல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் ஏற்பட்டது. நலிந்த நிலையிலுள்ள முதிய கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. நம் ஊரிலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதஸ்வரம், தவில் எல்லாம் மூன்றாண்டு கற்றுத் தருகிறார்கள். நமக்கும் மூன்றாண்டுப் படிப்புதான்! ஒரே ஊரில் மூன்று மூன்று வருடம் படித்து வெளியே வருகிற இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். டிப்ளமோ வாங்குகிற நமக்குத் தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறது. பயிற்சிக் காலத்திலேயே குறைந்தபட்சம் இவ்வளவு உதவித்தொகை தர வேண்டும் என்று சொல்கிறது. தவில் கற்று முடித்தவனுக்கு முதல் கச்சேரியில் இவ்வளவு தர வேண்டும் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

பதிப்புரிமைச் சட்டம் என்று ஒன்று இருப்பதையும் சொல்ல வேண்டும். 1994-ல் செய்த திருத்தத்தில் 'நிகழ்த்துகிறவர் உரிமை' வந்தது. நிகழ்த்துகிறவர் என்றால் பாடகர், வாசிப்பவர், ஆடுபவர் மட்டுமல்ல, பாம்பாட்டி வரை அந்தச் சட்டத்தில் பெயர் சொல்லியிருக்கிறது! ஒருவர் வாசிப்பதை அவர் சம்மதம் இல்லாமல் பதிவு செய்து பரப்பக்கூடாது. நடைமுறையில் என்ன நடக்கிறது? கொடையில் கேமராக்காரர் முழு மேளத்தையும் எடுத்து யூடியூபில் போடுகிறார். லட்சம் பேர் பார்க்கிறார்கள். விளம்பரக் காசு வந்தால் அது போட்டவருக்கு. வாசித்தவருக்கு? "ஒங்க வீடியோ நல்லா ஓடுது அண்ணாச்சி" என்ற செய்தி!

மறுப்பவர்களுக்கு

"ஊர்ல எல்லாரும் கஷ்டப்பட்டவங்கதான், வரி பிரிச்சுத்தான் கொடை நடத்துதோம். கேக்குறதைக் கொடுக்க எங்க போறது?" இது நியாயமான கேள்வி. வரி கொடுக்கிறவர்களும் உப்பளத்திலும் கடலிலும் உழைப்பவர்கள்தான். அதனால் நான் தொகையைக் கூட்டுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. இருக்கிற தொகையை எதற்கு முதலில் ஒதுக்குகிறோம் என்று பாருங்கள் என்கிறேன். ஊர் முழுக்க வைக்கிற பிளக்ஸ் போர்டில் ஒன்றிரண்டைக் குறைத்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

"தேவை குறைஞ்சிட்டுன்னா வேற தொழிலுக்குப் போக வேண்டியதுதான?" என்பது இரண்டாவது கேள்வி. போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுகிறார்கள், பெயிண்ட் அடிக்கிறார்கள். என்னையே படிக்க அனுப்பியிருக்கிறார்கள்! ஆனால் தவில் மூன்று மாதத்தில் வராது. பத்து வயதில் கை வைத்தால் இருபதில்தான் பேசும். ஒரு தலைமுறை இறங்கிவிட்டால், பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஆள் கிடைக்காது. அப்போது எல்லாக் கோயிலிலும் மோட்டார்தான்.

நாம் என்ன செய்யலாம்?

பேசிவிட்டுப் போவதில் பயனில்லை. நம்மால் முடிந்த நாலு காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று. நம் வீட்டுக் கல்யாணத்திலும் ஊர்க் கொடையிலும் மேளம் பேசும்போது தலைக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் பேசி, ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வோம். பாதி அச்சாரம் அன்றே. மீதி, கடைசி மேளம் அடிக்கும் முன்பே.

இரண்டு. நல வாரியத்தில் பதிவு செய்ய ஃபாரம், புகைப்படம், சான்றிதழ் என்று ஆயிரம் வேலை. முதியவர்கள் அலைந்து அலுத்து விட்டுவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் தெரிந்த நாம் எதற்கு இருக்கிறோம்? மாணவர் பேரவை சார்பில் வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் மனு நிரப்பிக் கொடுப்போம். ரத்த தான முகாம் நடத்துகிறோம், மரம் நடுகிறோம், இதையும் செய்வோம்.

மூன்று. விழாவில் வீடியோ எடுத்தால் வாசித்தவரிடம் கேட்டு எடுப்போம். போடும்போது குழுவின் பெயரையும், அழைக்க வேண்டிய எண்ணையும் அவர்கள் சம்மதத்தோடு சேர்த்துப் போடுவோம். அடுத்த அழைப்பு இடையில் ஆள் இல்லாமல் நேராக அவர்களுக்கே போகட்டும்.

நான்கு. இதுதான் முக்கியம். கல்லூரி விழாக்களுக்குக் கலைஞர்களைக் கூப்பிடும்போது "மாணவர் விழாதானே, பாத்துப் பண்ணுங்க, நல்ல விளம்பரம் கிடைக்கும்" என்று சொல்கிற பழக்கம் நம் போன்ற பேரவைகள் எல்லாவற்றிலும் உண்டு. விளம்பரத்தை வைத்து அரிசி வாங்க முடியாது. நாளைக்கு நம்மை ஒரு கம்பெனிக்காரர் கூப்பிட்டு "நல்ல அனுபவம் கிடைக்கும், சம்பளம் கேக்காதே" என்றால் ஒப்புக்கொள்வோமா?

ஆகவே, அடுத்த கல்வியாண்டில் பேரவை வரவு-செலவுத் திட்டம் போடும்போது மேடை, விளக்கு, கேடயம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் வரியாக 'வாசிப்பவர் சம்பளம்' என்று எழுத வேண்டும் என்றும், அதை விழா நாளன்றே ரொக்கமாகக் கொடுத்துவிட வேண்டும் என்றும் இந்த மலரின் வாயிலாக முன்மொழிகிறேன்.

வழிமொழிய யார் யார் வருகிறீர்கள்?

— இரண்டாமாண்டு மின்னியல் மாணவன்